நூலும் உரிமையும்

தமிழில் நூல் என்னும் சொல் இருபொருள் தரும். பஞ்சினின்று நூற்கப்பெறும் இழையும் நூல். புலவர் இயற்றும் ஏடும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள ஒப்புமையைப் பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் அழகுற விளக்கியுள்ளார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அவன் மதியே கதிர் என்பது அவர் காட்டும் உவமை. இழை நூற்பதற்கும் ஏடு இயற்றுவதற்கும் பொறுமையும் உழைப்பும் ஒருங்கே வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுவமையின் நயத்தைக் காஞ்சிபுரத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கோயில்களாலும் பட்டுத் தறிகளாலும் புகழ்பெற்றது அந்நகர். அதன் தென்பால், பாலாற்றை அடுத்து அமைந்துள்ளது செவிலிமேடு. அங்குச் சாலைக்கிணறு என்னும் பழங்கிணறு ஒன்று உண்டு. இராமாநுசர் நாள்தோறும் அக்கிணற்று நீரை முகந்து சென்று வரதராசப் பெருமாளுக்குத் தொண்டு புரிந்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி.

இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் நிகழக்கூடிய நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். பள்ளி நூலகத்தில் ஒரு நூல் ஒரே படிதான் உள்ளது. அதிலுள்ள கட்டுரை ஒன்றை ஆசிரியர் நாற்பது மாணவர்க்குக் கற்பிக்க விரும்புகின்றார். அனைவரும் அந்நூலை விலைகொடுத்து வாங்கும் நிலையில் இல்லை. ஆகவே, அவர் அக்கட்டுரையை நகலெடுத்து ஒவ்வொருவர்க்கும் வழங்குகின்றார். நெசவாளர் மகன் ஒருவன் அத்தாளைப் பெற்றுக்கொண்டு, “ஐயா, பிறர் புதிதாக வகுத்த கரையைத் திருடி நெய்தல் தகாது என்று என் தந்தையார் சொல்லுவார். பிறர் எழுதியதை நாம் படியெடுத்தல் மட்டும் தகுமோ?” என்று வினவுகின்றான்.

அவ்வினா அறிவுடைய வினா. அதற்கு விடை காண வேண்டுமாயின், ஏடு பெயர்த்தெழுதிய காலத்திலிருந்து தொடங்குதல் நலம்.

ஓலைச்சுவடிக் காலத்தில் படியெடுத்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. அஃது அறமாகவே போற்றப்பட்டது. கறையானுக்கும் காலத்திற்கும் இரையாகும் ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுவோர் இலராயின் நூலே அழிந்துபோகும். சங்க நூல்களும் காப்பியங்களும் இன்று கிடைப்பதற்குப் பெயர் தெரியாத பல எழுத்தர்களின் கையே காரணம். ஆயினும், அக்காலத்தாரும் பிறர் உழைப்பைத் தமது என்று கூறிக்கொள்ளவில்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைக்குங்கால் எட்டுச் செய்திகளைக் கூறுதல் வேண்டும் என்பது இலக்கண நூலார் விதி. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர்; இரண்டாவது வழி, அஃதாவது அந்நூல் எந்நூலைப் பின்பற்றியது என்பது. கந்தபுராணத்தைத் தமிழிற் பாடிய காஞ்சிக் கச்சியப்ப சிவாசாரியர் வடமொழிப் புராணத்தைத் தழுவியே அதனை இயற்றினார் என்பதைத் தமிழுலகம் இன்றும் அறிந்துள்ளது. கடன்பெற்ற இடத்தைச் சொல்லுதல் தமிழ் மரபிற்குப் புதியதன்று.

அச்சுப்பொறி வந்தபின் நிலை மாறியது. ஒரே நாளில் பல நூறு படிகள் எடுத்து விற்கும் வாய்ப்பு ஏற்பட்டது. எழுதியவர் வறுமையில் வாட, அவர் எழுத்தை அச்சிட்டவர் பொருள் ஈட்டினர். இக்கொடுமையைத் தடுத்தற்கு 1710ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டு உரிமையும், ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டு உரிமையும் அஃது அளித்தது. கல்வியை ஊக்குவிப்பதே அச்சட்டத்தின் நோக்கம் என்று அதன் தலைப்பிலேயே கூறப்பட்டிருந்தது. இந்தியாவில் 1847, 1914 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் வந்தன. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டப்படி, ஆசிரியர் ஒருவர் ஒரு நூலைச் சொந்தமாக எழுதிய அளவிலேயே அதன்மேல் அவர்க்கு உரிமை உண்டாகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. அவ்வுரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் அறுபது ஆண்டுகளும் நிலைபெறும். முன்னர் இஃது ஐம்பது ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்குரிய காலம் முடிந்த வேளையில், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அறுபதாக உயர்த்தப்பட்டது. காலம் கடந்தபின் நூல் பொதுவுடைமையாகும். எவரும் அதனை அச்சிடலாம்.

சட்டம் காப்பது எழுத்தையே, கருத்தையன்று. இதனைப் பட்டுப்புடைவையைக்கொண்டு எளிதில் உணரலாம். மயில், அன்னம், யாளி, உருத்திராக்கம் முதலிய உருக்கள் நெசவாளர் அனைவர்க்கும் பொதுவானவை. அவற்றுட் சிலவற்றைத் தேர்ந்து, இன்ன இடத்தில் இன்ன நிறத்தில் அமைதல் வேண்டும் என்று எண்ணிக் கட்டத்தாளில் வரைந்து, அட்டை குத்தி, பலநாள் தறியில் அமர்ந்து நெய்த புடைவையோ ஒருவருடைய உழைப்பின் பயன். அதனை அவ்வாறே பார்த்து மற்றொருவர் விசைத்தறியில் மலிவாக நெய்து விற்பாராயின், முன்னவர் அடுப்பு எரியாது. நூலும் அத்தகையதே. நாட்டுப்பற்று என்னும் கருத்து எல்லார்க்கும் பொது; அதனைப்பற்றி ஒருவர் தம் சொற்களால் எழுதிய கட்டுரை அவர்க்கு உரியது.

உரிமை என்பது ஆசிரியர்க்கு உணவளிக்கும் கருவியாதல் போன்றே, மக்கள் நாவிற்குப் பூட்டாதலும் கூடும். இதற்குப் பாரதியார் வரலாறே தக்க சான்று. 1921இல் அவர் மறைந்தபோது குடும்பத்தார்க்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் அவர் எழுத்துக்களே. அக்காலச் சட்டப்படி அவற்றின்மேல் 1971 வரை உரிமை இருந்தது. நாளடைவில் நூல்களை அச்சிடும் உரிமை அவர் தம்பி சி. விசுவநாதனிடமும், பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை திரைப்பட முதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடமும் அமைந்தன. அவர்கள் சட்டப்படி பெற்ற உரிமை அது. ஆயினும், விடுதலைக்காகப் பாடிய கவிஞரின் பாடலைப் பாடுதற்கு ஒருவரிடம் இசைவு பெறவேண்டும் என்னும் நிலை தமிழர் நெஞ்சை உறுத்தியது. நாரண துரைக்கண்ணன், நாடகக் கலைஞர் டி. கே. சண்முகம் முதலியோர் பாரதியின் படைப்புக்களை நாட்டுக்கு உரியனவாக்குதல் வேண்டும் என்று முயன்றனர்.

அம்முயற்சி வீண்போகவில்லை. 1949ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பொருள் ஏதும் பெறாமலே வழங்கினார். விசுவநாதனுக்கும், பாரதியின் மனைவியார் செல்லம்மாளுக்கும், மகளிர் இருவர்க்கும் அரசு தொகை அளித்தது. பின்னர் அப்படைப்புக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டன. எழுதியவர் குடும்பத்தையும் கைவிடாமல், எழுத்தையும் சிறைவைக்காமல் இருபுறமும் அறம் காத்த செயல் இது. நாட்டுடைமை என்று இதனைக் கூறுவர். பாரதிதாசன் முதலாகப் பலருடைய நூல்களைத் தமிழக அரசு பின்னர் நாட்டுடைமையாக்கி, உரியோர்க்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. அத்தகைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் படிக்கலாம்.

இனி, நாட்டுடைமை ஆகாத, காலமும் கடவாத நூல்களை மாணவர் எங்ஙனம் பயன்படுத்துவது? இங்கேதான் சட்டம் கல்விக்கென ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமையாளரின் இசைவின்றியே செய்யத்தக்க செயல்களை எடுத்துரைக்கின்றது. தனிப்பட்ட படிப்பிற்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு நூலை நேரிய முறையிற் பயன்படுத்தலாம். நூலைத் திறனாயுங்கால் அதன் பகுதிகளை மேற்கோளாகக் காட்டலாம். ஆசிரியரோ மாணவரோ பாடம் பயிலும் நெறியில் ஒரு நூற்பகுதியைப் படியெடுக்கலாம். வினாத்தாளிலும் விடைத்தாளிலும் அதனைச் சேர்க்கலாம். பள்ளி ஆசிரியரும் மாணவரும் ஒரு நாடகத்தை நடிக்கலாம். ஆனால், காண்போர் அப்பள்ளியைச் சார்ந்தோரும் பெற்றோருமாக இருத்தல் வேண்டும். கண்பார்வை இழந்தோர் முதலியோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தரவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது.

இவ்வாயில் எவ்வளவு அகலமானது என்னும் வினா ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இராமேசுவரி நகலகம் என்னும் சிறு கடை ஒன்று இருந்தது. பாடத்திட்டத்திற் குறிக்கப்பட்ட பல நூல்களினின்று வேண்டும் பகுதிகளை மட்டும் எடுத்து, ஒரு கட்டாகத் தைத்து, அக்கடையார் மாணவர்க்குக் கொடுத்து வந்தனர். அந்நூல்களுட் பல ஏழை மாணவர் வாங்கவியலாத விலையுடையவை. 2012ஆம் ஆண்டில், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசு நிறுவனமும், கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. ‘எங்கள் நூல்களை எங்கள் இசைவின்றிப் படியெடுத்தல் உரிமை மீறல்’ என்பது அவர்தம் முறையீடு. மாணவரும் ஆசிரியரும் சங்கமாகக் கூடித் தம் பக்க நியாயத்தை வழக்கில் எடுத்துரைத்தனர்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தில்லி உயர்நீதிமன்ற நீதியரசர் இராசீவ் சகாய் எண்ட்லா அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ தெய்வத்தாலோ வந்ததன்று; அறிவைப் பெருக்குதற்குச் சட்டம் வகுத்தளித்தது என்பது அவர் கருத்து. முன்னாளில் மாணவர் நூலகத்தில் அமர்ந்து பக்கம் பக்கமாகக் கையாற் பெயர்த்தெழுதினர். கை செய்ததைப் பொறி செய்வதனால் மட்டும் அது குற்றமாகாது என்றும் அவர் உணர்த்தினார். பதிப்பகத்தார் மேல்முறையீடு செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் தீர்ப்புரைத்த இரு நீதியரசர் ஆயம், பாடம் பயிலும் நெறி என்பது வகுப்பறைச் சொற்பொழிவு மட்டுமன்று என்று கூறியது. எத்தனை பக்கம் என்பதைக் காட்டிலும், அப்பகுதி பாடத்திற்கு உண்மையில் வேண்டுவதா என்பதே உரைகல் என்றும் அது வரையறுத்தது. அதனை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டில் பதிப்பகத்தார் வழக்கைத் தாமே திரும்பப் பெற்றனர்.

நெசவாளர் மகன் எழுப்பிய வினாவிற்கு விடை இப்பொழுது தெளிவாகும். ஆசிரியர் பாடத்திற்கு வேண்டிய கட்டுரையைத் தம் மாணவர்க்குப் படியெடுத்து வழங்கியது திருட்டன்று. சட்டம் அளித்த உரிமை. ஆனால், அதே தாள்களைக் கட்டாக்கிக் கடைத்தெருவில் விலைக்கு விற்பாராயின், அது தகாது. பாடத்திற்கு வேண்டாத முழு நூலையும், விலை மிச்சம் என்னும் எண்ணத்தால் படியெடுத்தலும் தகாது. இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றது என்பதனால் ஒரு நூல் பொதுப்பொருளாகிவிடாது. திறந்த வீட்டிலுள்ள பொருளும் வீட்டாருக்கே உரியது.

மாணவர் நினைவிற்கொள்ளவேண்டிய கடமை மற்றொன்றும் உண்டு. தம் படைப்பைத் தமது என்று கூறிக்கொள்ளவும், அதனைச் சிதைப்பாரைத் தடுக்கவும் ஆசிரியர்க்குச் சட்டம் தனியுரிமை அளித்துள்ளது. உரிமையைப் பிறர்க்கு விற்றபின்னும் இது நீங்குவதில்லை. எனவே, கட்டுரை எழுதும் மாணவர் பிறர் சொற்களை எடுத்தாளுங்கால் மேற்கோட்குறியிட்டு, ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் குறித்தல் வேண்டும். ஆக்கியோன் பெயரும் வழியும் கூறுக என்று பாயிர இலக்கணம் விதித்ததும் இதுவே. பெயரை மறைத்து, பிறர் கட்டுரையைத் தமது என்று காட்டுவோர் ஆசிரியரை ஏமாற்றுவதினும் தம்மையே மிகுதியாக ஏமாற்றுகின்றனர். நெய்யத் தெரியாதவர் கடையில் வாங்கிய புடைவையைத் தம் தறியில் நெய்தது என்று காட்டுவதனால் நெசவு வந்துவிடாது.

செவிலிமேட்டுச் சாலைக்கிணறு மாணவர்க்கு உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. கிணற்றை அகழ உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைப் போற்றாத ஊரில் புதுக்கிணறு தோன்றாது. அகழ்ந்தபின் அதனை மூடிவைத்தால், தாகமுற்றோர்க்கு அதனாற் பயனில்லை. வேண்டிய அளவு முகந்து, கரையைக் கெடாது காத்து, அகழ்ந்தவரை நன்றியோடு நினைப்பவரே நீருக்கு உரியவர். நூலறிவும் அத்தகையதே.

பயிற்சி

1. நூலுக்கும் இழைக்கும் பவணந்தி முனிவர் காட்டும் ஒப்புமை யாது?
2. ஓலைச்சுவடிக் காலத்தில் படியெடுத்தல் ஏன் அறமாகப் போற்றப்பட்டது?
3. பாரதியார் படைப்புக்கள் பொதுவாக்கப்பட்ட வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
4. ஆசிரியரும் மாணவரும் இசைவு பெறாமலே செய்யத்தக்கவை எவை? செய்யத்தகாதவை எவை?
5. ‘பிறர் எழுத்தைத் தமது என்று காட்டுவோர் தம்மையே ஏமாற்றுகின்றனர்’ – இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி வரைக.