சந்தையில் கேமரா: கோயம்பேடு முதல் பர்மா பஜார் வரை

வாஷிங்டன் ஆப்பிள் பெட்டியும் தேனி வாழைத்தாரும் அடுத்தடுத்து இறங்கும் ஊர் சென்னை. படம் எடுக்க இதைவிட நல்ல சந்தைகள் கிடைக்காது, வாங்கிக் கட்டிக்கொள்ளவும்தான். கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• விடியும் முன் போய்விடுங்கள். கோயம்பேட்டுக்கு லாரிகள் இரவில்தான் வரும்; வெயில் ஏறினால் மொத்த வியாபாரம் அடங்கிவிடும். காசிமேட்டு மீன் ஏலமும் அப்படித்தான்.

• போணி ஆகும்வரை பொறுங்கள். முதல் வியாபாரம் ஆகாத கடையை மறைத்துக்கொண்டு நின்றால் திட்டு விழும், அது நியாயமான திட்டு.

• கேட்டு எடுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" போதும். கேட்டால் போஸ் கொடுத்துவிடுவார்களே என்று தயங்காதீர்கள். கொடுக்கட்டும், அதையும் எடுங்கள். அதற்குள் யாராவது கத்தரிக்காய் விலை கேட்டு வருவார், அக்கா உங்களை மறந்துவிடுவார். அப்போது நிஜமாக எடுக்க ஆரம்பியுங்கள்.

• தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் க்யூஆர் அட்டையையும் சவுண்ட் பாக்ஸையும் ஃப்ரேமுக்குள் விடுங்கள். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் 'பழைய மெட்ராஸ்' தேடுவது பொய்ப் படம் என்பது என் கட்சி. போஸ்ட் போடும் முன் மட்டும் க்யூஆரையும் போன் நம்பரையும் மங்கலாக்குங்கள். அது ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும் வழி.

• எல்இடி வெளிச்சத்தில் படம் வரிவரியாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

• ரா ஃபைலில் எடுங்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லார் முகமும் நீலமாகும், பிறகு சரிசெய்ய இடம் வேண்டும்.

செய்யக்கூடாதவை

• மூட்டை தூக்குகிறவர் வழியில் நிற்காதீர்கள். தலையில் பாரத்தோடு வருகிறவரால் சட்டென்று நிற்க முடியாது.

• காசு கொடுத்து போஸ் வாங்காதீர்கள். அடுத்து வருகிறவரிடமும் கேட்பார்கள். அதற்குப் பதில் கால் கிலோ ஏதாவது வாங்குங்கள், சில்லறையாகக் கொடுத்து.

• பர்மா பஜாரில் மறைத்து எடுக்காதீர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1960களில் போட்ட கடைகள் அவை. ரெய்டும் கேமராவும் பார்த்துச் சலித்த இடம். தலையை ஆட்டி மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

• அப்படியே துறைமுகம் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். காவல் உள்ள இடம், பதில் சொல்லியே பொழுது போய்விடும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

• நடைபாதைக் கடையின் படத்தோடு சரியான இடத்தைப் போடாதீர்கள். தெரு வியாபாரிகள் சட்டம் 2014லேயே வந்துவிட்டது; ஆனாலும் சான்றிதழ் கைக்கு வராதவர்கள் உண்டு. உங்களுக்கு அழகான படம், புகார் கொடுக்க நினைப்பவருக்கு ஆதாரம்.

• வேலை செய்யும் சிறுவர்களின் முகத்தை வெளியிடாதீர்கள்.

• அழிக்கச் சொன்னால் "பொது இடம்தானே" என்று சட்டம் பேசாதீர்கள். கூட்டம் கூடும், அதில் உங்கள் பக்கம் பேச ஒருவரும் இருக்க மாட்டார். அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

• "படம் கொண்டுவந்து தரேன்" என்று சொல்லிவிட்டு மறக்காதீர்கள். போன முறை யாருக்காவது சொல்லியிருந்தால், இன்றைக்கே பிரின்ட் போடக் கொடுங்கள்.