திறந்த வெளியில் நிழற்படம்

வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே நிழற்படம்தான் மறைந்த பாட்டியின் முகத்தைப் பேரப் பிள்ளைகளுக்கு அறிவிப்பதாக அமைதல் கூடும். அப்படத்தில் கண்கள் இருளில் மூழ்கியிருப்பின் அவ்விழப்பை ஈடு செய்தல் யாரால் இயலும்? ஆதலின் பிறரைப் படம் எடுப்போர் ஒளியின் அளவையும், அவர் இருக்கும் நிலையையும் நன்கு அறிதல் வேண்டும்.

இவ்விரண்டையும் இக்கலையின் தொடக்கக் காலத்திலேயே திறம்படக் கையாண்டவர் இருவர். ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில், டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்னும் ஓவியரும் இராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞரும் 1843ஆம் ஆண்டு ஒன்று கூடிப் படம் எடுக்கத் தொடங்கினர். அக்காலப் பதிவுத் தாள் ஒளியை மெல்லவே ஏற்றது. ஆகவே வீட்டின் வெளிப்புறத்தில், வெயிலிலேயே படம் எடுத்தனர். எதிரில் இருப்பவர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். அதற்காக ஒருவரைக் கன்னத்தில் கை ஊன்றச் செய்தனர். மற்றொருவர் கையில் நூலைக் கொடுத்தனர். அசைவைத் தடுக்கச் செய்த அவ்வுபாயமே இயல்பான தோற்றத்தையும் தந்தது. ஆடம்சன் 1848இல், தம் 26ஆம் வயதில் மறைந்தார். எனினும், நியூஹேவன் என்னும் ஊரின் மீனவரையும் மீன் விற்கும் மகளிரையும் அவ்விருவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

இனி, ஒளியின் அளவைக் காண்போம். பெரிய குழாயால் விரைவிலும், சிறிய குழாயால் மெல்லவும் ஒரே குடத்தை நிரப்பலாம் அன்றோ? படப்பெட்டியின் துளை குழாய் போன்றது. அது திறந்திருக்கும் நேரம் நீர் விழும் நேரம் போன்றது. ஒளி மிகின் முகம் வெளிறும், குறையின் கருகும். ஒளியைத் தானே அளக்கும் படப்பெட்டியும் ஏமாறுவது உண்டு. அது காண்பதையெல்லாம் இடைத்தரமான சாம்பல் நிறம் என்றே கொள்ளும். ஒருவர் பின்னால் ஒளிமிக்க வானம் இருப்பின், அது ஒளியைக் குறைத்து முகத்தை இருளச் செய்துவிடும். ஆதலின் முகத்தின் ஒளியையே அளத்தல் வேண்டும்.

உச்சி வெயில் கண்குழிகளில் நிழலை வீழ்த்தும். இலைகளினூடே விழும் வெயிலோ முகத்தில் புள்ளியிடும். காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். நண்பகலில் எடுக்க நேரின், அவரைத் திண்ணையின் ஓரத்து நிழலில், வெளிநோக்கி அமரச் செய்க. எதிரே வெண்துணி ஒன்றைப் பிடிப்பின், அதில் பட்டு மீளும் ஒளி முகத்தைத் துலக்கும்.

நேர்நின்று விறைப்பவரைத் தோள் சற்றே திருப்பி நிற்கச் செய்க. வெறுங்கை தடுமாறும், அவர் நாளும் கையாளும் கருவியைக் கையில் கொடுத்தால் தடுமாற்றம் நீங்கும். குழந்தையை எடுப்போர் தாமும் குனிந்து, அதன் கண்மட்டத்தில் படப்பெட்டியைப் பிடித்தல் நன்று. "சிரியுங்கள்" என்று ஆணையிட்டால் உதடு மட்டுமே சிரிக்கும். அன்புடன் உரையாடினால் கண்ணும் மலரும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் பொருள் அல்லர். நம்மை நம்பித் தம் முகத்தைத் தந்தவர். அவர் இசைவு பெற்று, பொறுமையோடும் மதிப்போடும் எடுக்கும் படமே காலங்கடந்து நிற்கும்.

பயிற்சி

1. ஹில்லும் ஆடம்சனும் கையாண்ட உபாயம் யாது?
2. ஒளிமிக்க வானத்தின் முன் நிற்பவர் முகம் படத்தில் இருளுவது ஏன்?
3. உம் வீட்டு முதியவர் ஒருவரை எங்கு, எவ்வேளையில், எந்நிலையில் படம் எடுப்பீர்? காரணத்துடன் எழுதுக.