மீண்டும் ஓடத் தொடங்குவோருக்குக் கால் பிடிப்பு வராமலிருக்க



ஃபஜ்ர் தொழுகை முடித்து மைதானத்துக்குப் போகிறவர்களை இப்போது கூடுதலாகப் பார்க்க முடிகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை என்று மருத்துவர் எச்சரித்த பிறகு, பள்ளிக்கூட நாளோடு விட்ட ஓட்டத்தை நாற்பது, ஐம்பது வயதில் மீண்டும் தொடங்குகிறோம். நல்ல காரியம். ஆனால் முதல் வாரத்திலேயே கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போக, "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர்.

நானும் அப்படி இரண்டு மாதம் விட்டவன்தான். பழைய நினைப்பில் முதல் நாளே மைதானத்தை எட்டுச் சுற்று ஓடினேன். அன்றிரவு தூக்கத்தில் கால் இழுத்துப் பிடித்தது. மறுநாள் தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில் மறுபடியும் பிடித்தது. நான் ஓடிய முறையே பிழை என்பது பின்னர்தான் விளங்கியது.

ஏன் பிடிக்கிறது?

தசை சுருங்குவதும் தளர்வதும் நரம்பின் கட்டளைப்படிதான். பழக்கமில்லாத தசை களைத்துப்போனால், சுருங்கச் சொல்லும் கட்டளை மிகுந்து, தளரச் சொல்லும் கட்டளை குறைகிறது. தசை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. ஆய்வாளர் பலர் இன்று முதன்மைக் காரணமாகக் கருதுவது இதைத்தான்.

உப்பும் நீரும் குறைவதே காரணம் என்பது பழைய கருத்து. வெப்பமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேர்க்க வேர்க்க உழைத்தவர்களைப் பார்த்து வலுப்பெற்ற கருத்து அது. கடும் வெயிலில் மணிக்கணக்கில் வேர்ப்பவருக்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் நீண்ட தூரப் போட்டிகளில் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவருக்கும் வராதவருக்கும் உப்பின் அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. காலையில் அரைமணி நேரம் ஓடுகிற நமக்குப் பெரும்பாலும் களைப்பே காரணம்.

வராமல் தடுக்க

1. நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை புதியவர்களுக்கு 9 வாரத் திட்டம் ஒன்றைத் தருகிறது. முதல் வாரத்தில் 5 நிமிடம் வேக நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு 3 நாள் போதும். இடையில் ஓய்வு வேண்டும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம்.

2. கெண்டைக்காலுக்கு வலு சேருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 10 முதல் 15 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதை அடுக்களையில் நின்றபடியே பெண்களும் செய்யலாம்.

3. படுக்கும் முன் காலை நீட்டிவிடுங்கள். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். ஒரு காலுக்கு 30 விநாடி.

4. தாகத்துக்கேற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக உப்புக் கரைசல் குடிக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். நோன்பு நாட்களில் பகல் ஓட்டத்தை விட்டு, இஃப்தாருக்குப் பின் நடந்தால் போதும்.

பிடித்துவிட்டால்

உடனே நில்லுங்கள். உட்கார்ந்து காலை நீட்டி, முன்பாதத்தை உங்கள் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் போட்டு இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்காதீர்கள். தசை தளர்ந்ததும் மெல்ல நடந்து வீடு திரும்புங்கள். அன்றைய ஓட்டம் அவ்வளவுதான்.

எல்லா வலியும் பிடிப்பல்ல

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமலிருந்தால் அது நரம்புப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் வலித்து, நின்றால் வலி விட்டுப்போவது காலின் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும், ஓடும்போது நெஞ்சு வலித்தாலும் தாமதிக்க வேண்டாம். நீர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசை வலி வருவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த 9 வாரத் திட்டம் எனக்கு 14 வாரம் பிடித்தது. இளைஞர்கள் முந்திச் செல்வார்கள்; செல்லட்டும். வரும் திங்கட்கிழமை ஒரு நிமிட ஓட்டத்தோடு தொடங்குங்கள். முன்பு விட்டுப்போன ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள்.