லூர்து புதுமைகள்: முடிவு செய்வது யார்?

கேள்வி: லூர்து நகருக்குப் போய் நோய் குணமானதாக எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அத்தனையையும் கத்தோலிக்கத் திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொள்கிறதா?

பதில்: இல்லை. இந்த விஷயத்தில் திருச்சபை சுலபத்தில் நம்பிவிடுவதில்லை. 1858-ல் பிரான்சின் லூர்து நகரில், மசபியேல் குகையில் அன்னை மரியாவை 18 முறை கண்டதாக 14 வயது பெர்னதெத் சொன்னபோது போலீஸ் விசாரித்தது. பங்குக் குருவும் முதலில் நம்பவில்லை. ஆயரின் குழு ஆராய்ந்து முடித்து, 1862-ல்தான் ஒப்புதல் வந்தது.

குணமானவர்களைப் பரிசோதிக்க 1883 முதல் அங்கே மருத்துவ அலுவலகம் உண்டு. வேற்று மதத்து டாக்டரும், மத நம்பிக்கையே இல்லாதவரும்கூட ஆய்வில் பங்கேற்கலாம். நோய் கடுமையானதா, சட்டென்று முழுமையாகக் குணமானதா, சிகிச்சையின் பலனா, மீண்டும் தலைகாட்டியதா என்று பல ஆண்டுகள் பார்ப்பார்கள். ‘இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை’ என்பதோடு டாக்டர்களின் வேலை முடிந்தது. அதைப் புதுமை என்று அறிவிக்க வேண்டியவர் குணமானவரின் மறைமாவட்ட ஆயர். பதிவான 7,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களில் அந்த அறிவிப்பைப் பெற்றவை எழுபதைச் சற்றே தாண்டும்.

இன்னொன்று: திருச்சபை அங்கீகரித்த காட்சியையும் நம்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்கருக்கு இல்லை. 1933-ல் பெர்னதெத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் காட்சி கண்டதற்காக அல்ல, அவர் வாழ்ந்த விதத்துக்காகத்தான்.