உளநூல் முதுநிலைக் கல்வியும் கம்பம் பள்ளத்தாக்கு மாணாக்கரும்

உடற்பிணிக்கு மருந்து தேடுதல் மாந்தர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாம். உள்ளத்தின் இயல்பைச் சோதனை முறையில் ஆராயும் நூலோ காலத்தால் மிகப் பிந்தியது. ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில் வில்லெம் வூண்ட் என்னும் பேராசிரியர் 1879-இல் நிறுவிய ஆய்வுக்கூடமே அதன் தனி வாழ்வுக்குத் தொடக்கம் என்பர். நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இலும், மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1943-இலும் இதற்கெனத் தனித்துறை கண்டன. முன்னையோர் மனோதத்துவ சாஸ்திரம் என்றதனையே இன்று உளநூல் என்றும் உளவியல் என்றும் வழங்குகின்றோம்.

தேனி, போடி, சின்னமனூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணாக்கர் சிலர், இந்நூலில் முதுநிலைப் பட்டம் பெற விண்ணப்பிப்பது எங்ஙனம் என நம்மை வினவுகின்றனர். அவர்க்கு விடையாகவே இதனை வரைகின்றோம்.

முதற்கண், இக்கல்வி நம் பள்ளத்தாக்கிற்கு வேண்டுவதோ என்பதைக் கருதுவோம். 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீரால் நெல்லும் திராட்சையும் விளையும் நாடு இது. ஆயினும் விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஏறி, அந்தியில் இறங்கும் மக்கள் எத்துணையர்! விளைவு பொய்த்தால் கடன்; கடனால் குடி; குடியால் மனையில் கலக்கம். இவற்றை ஊழ் என்றும் பேய்க்கோளாறு என்றும் கூறி அமைகின்றோம். மாவட்ட மனநலத் திட்டம் நம் நாட்டில் 1996-இல் தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழி மனநல ஆலோசனை கூறும் ஏற்பாடும் 2022-இல் வந்தது. ஆயினும் இம்மக்களின் பேச்சும் வாழ்வும் அறிந்த ஒருவர் அருகிருந்து கேட்பதற்கு நிகர் யாதுளது?

நிற்க. இந்நாள்வரை நம் பக்கத்து இளைஞர் பலர்க்கு எளிய வாயிலாக இருந்தது அஞ்சல்வழிக் கல்வியே. பகலில் பள்ளியிலோ கடையிலோ உழைத்து, இரவில் பாடநூலைப் பயின்று பட்டம் பெற்றோர் உளர். அவ்வாயில் அடைபட்டது. துணைமருத்துவத் தொழில்கள் பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் ஆணையிட்டது. 2025 ஜூலை, ஆகஸ்டுப் பருவம் முதல் உளவியலும் அத்தடைக்குள் அடங்கும். நோயாளியை நேரில் காணாமலும், ஆசிரியர் மேற்பார்வையில் பழகாமலும் இத்தொழிலைக் கற்றல் இயலாது என்பது நேரிய வாதமே. எனினும் வீட்டைவிட்டுச் செல்ல இயலாத ஏழை மாணவிக்கு அஃது எத்துணைப் பெரிய இழப்பு என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆதலின், விளம்பரங்கண்டு மயங்கிப் பணங்கட்டுமுன் அப்படிப்புக்கு ஒப்புதல் உண்டா என வினவியறிதல் முதற்கடமை.

இனி, விண்ணப்பிக்கும் முறையைக் கூறுவாம்.

ஒன்று, இடந்தெரிதல். கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறை உண்டு. சில துறைகள் இளநிலையில் உளவியல் பயின்றோரையே ஏற்கும். சில பிற பட்டதாரிகட்கும் இடந்தரும். ஆகவே அவ்வாண்டின் அறிவிப்பை முழுதும் படித்தல் வேண்டும். போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் மாதம் அகலப்பாதை இரயில் வந்தமையால் சென்னைப் பயணமும் எளிதாயிற்று.

இரண்டு, நுழைவுத்தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களிற் சேர, 2022 முதல் நடைபெறும் முதுநிலைப் பொதுத்தேர்வை எழுதுதல் வேண்டும். 2024-இலும் 2025-இலும் அது மார்ச்சு மாதத்திலேயே தொடங்கிற்று. எனவே இளநிலை இறுதித்தேர்வு முடியட்டும் என்றிருப்போர் ஓராண்டை இழப்பர். விடை தவறின் மதிப்பெண் கழியும். ஊகத்தால் விடையளித்தல் ஆகாது. புள்ளியியலை நம் மாணாக்கர் அஞ்சி ஒதுக்குகின்றனர். உளநூலில் அதற்குத் தப்ப வழியில்லை.

மூன்று, நோக்கவுரை. இதனைக் கேட்கும் கல்வி நிலையங்களும் உள. இதிற்றான் பலர் தவறுகின்றனர். 'சமுதாயத்திற்குச் சேவை செய்ய விழைகின்றேன்' என்று எழுதுவதால் ஒருவரும் அறியப்படார். ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாயின் மகள் ஒருத்தி விண்ணப்பிக்கின்றாள் என்று கொள்வோம். கணவனை இழந்த அண்டைவீட்டாள் மூன்று திங்களாய் உறங்காமையை உறவினர் எங்ஙனம் விளக்கினர், எவரிடம் அழைத்துச் சென்றனர், அதனால் தன் உள்ளத்தில் எழுந்த வினா யாது என்பதை அவள் பத்து வரியில் எழுதுவாளாயின், அதுவே தக்க உரையாம். ஆனால் பிறர் மறையைப் பெயர்சுட்டி வெளியிடலாகாது. இத்தொழிலின் முதல் அறம் மறைகாத்தலன்றோ!

நான்கு, சான்றுகள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே தொகுத்து வைத்தல் வேண்டும். ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டுவோர், கடைநாளில் ஓடிவராது, பதினைந்து நாட்களுக்கு முன்னரே கேட்டல் முறை.

ஐந்து, பின்வருவதை அறிதல். முதுநிலைப் பட்டம் பெற்றவுடன் ஒருவர் மனநல மருத்துவர் ஆகிவிடார். மருந்தெழுதும் உரிமை அவர்க்கில்லை. மருத்துவ உளவியலராக விளங்க, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தொழிற்பயிற்சியும் பதிவும் வேண்டும். அதற்கு வாயிலாயிருந்த எம்.பில். பட்டத்தை மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளால் நிறுத்திற்று. மருத்துவ உளவியலிலும் மனநலச் சமூகப்பணியிலும் மட்டும் 2025–26 வரை சேர்க்கைக்கு இடந்தந்தது. ஆதலின் அடுத்த படி எதுவென்பதை முதற்படியில் நிற்கும்போதே உசாவியறிக.

மாணாக்கர்காள்! இடம் கிடையாதாயின் உள்ளம் சோராதிருமின். மறுமுறை முயலுங்கால் முன்னைய குறை புலப்படும். கிடைத்தாலோ, கற்றுத் தேர்ந்தபின் பெருநகரிலேயே அமர்ந்துவிடாது, ஒருமுறை நும் ஊர் மலையடிவாரத்தைத் திரும்பி நோக்குமின். அந்தியில் ஜீப்பிலிருந்து இறங்குவோர் ஆண்டு வாய்திறவாது நடந்து செல்கின்றனர். அவர்தம் மொழியிலேயே அவரைக் கேட்க வல்லார் நும்மையன்றி யாவர்?