மண்ணறிந்து எழும் மனைகள்

நுழையும்முன்

உணவும் உடையும் போன்று உறையுளும் மனிதரின் அடிப்படைத் தேவையாகும். அத்தேவையை நிறைவு செய்யும் முயற்சியில் ஆற்றுமணல் குறைகிறது, மலைகள் உடைபடுகின்றன, இடித்த கட்டடங்களின் கழிவு குவிகிறது. வீடும் வேண்டும், அவ்வீட்டைத் தாங்கும் நிலமும் நிலைக்க வேண்டும் என்றால் கட்டடக்கலை எவ்வழியில் செல்வது? கேரளத்தைச் சேர்ந்த இளம் கட்டடக்கலைஞர் வினு டேனியலின் படைப்புகள் இவ்வினாவிற்கு விடை தேடுகின்றன.

இடமும் வீடும்

நிலத்தின் வெயிலையும் மழையையும் காற்றையும் அறிந்து வீடு கட்டுவது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம். பெருமழை பொழியும் கேரளத்தில் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரையும் சுவரை நனையாமல் காக்கும் நீண்ட இறவாரமும் அமைந்தன. வெப்பம் மிகுந்த தமிழகச் சமவெளியில் தடித்த சுவர்களும் நடுமுற்றமும் திண்ணையும் வீட்டின் உறுப்புகளாயின. வறண்ட இராஜஸ்தானத்தில் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் துளையிட்ட கல்திரைகள் உருவாயின. ஒவ்வொரு பகுதியின் வீடும் அப்பகுதியின் மண்ணையும் மரத்தையும் கல்லையும் கொண்டே எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டும் இரும்பும் பரவலான பின்னர் இந்நிலை மாறியது. கான்கிரீட் உறுதியானது, விரைவில் கட்டுவதற்கு ஏற்றது, அடுக்குமாடிகளை எழுப்பத் துணைநிற்பது. ஆயினும், கடற்கரைக்கும் மலைச்சரிவுக்கும் பாலைக்கும் ஒரே வடிவப் பெட்டியைப் பொருத்தும் போக்கும் அதனோடு வளர்ந்தது. பகல் வெயிலை உள்வாங்கும் கான்கிரீட் தளம் இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் வெளியிடுகிறது. அதனைத் தணிக்க மின்விசிறியும் குளிரூட்டியும் இடைவிடாது இயங்க வேண்டியுள்ளது.

சிமெண்ட் உருவாகும் முறையிலும் சிக்கல் உண்டு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். எரிபொருளிலிருந்து மட்டுமன்றிச் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதச் செயல்களால் வெளிவரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலைச் சார்ந்தது. மணலின் நிலையும் கவலைக்குரியதே. ஆறுகள் வெற்றுப் பள்ளங்களாக மாறுவதைத் தடுக்கக் கேரள அரசு 2001ஆம் ஆண்டிலேயே ஆற்றுமணல் அள்ளுவதை முறைப்படுத்தும் சட்டத்தை இயற்றியது.

இவை எல்லாவற்றினும் பெரிய தடை மனத்தில் உள்ளது. மண்வீடு வறுமையின் அடையாளம், கான்கிரீட் வீடு வளத்தின் அடையாளம் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. எனவே, மாற்றுக் கட்டுமானத்தை முன்வைப்பவர் சுவரின் வலிமையோடு அதன் மதிப்பையும் மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

முன்னோடியின் வழியில்

இம்முயற்சியில் முன்னோடியாக விளங்கியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917ஆம் ஆண்டு பிறந்த அவர், இந்தியாவைத் தம் நாடாக ஏற்றுத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007ஆம் ஆண்டு மறைந்தார். 1940களில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தது அவருடைய வாழ்வின் திருப்புமுனை ஆயிற்று. ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தொலைவிற்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தை அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். எளிய மக்களும் குறைந்த செலவில் கட்டிக்கொள்ளத்தக்க செங்கல் வீடுகளைக் கேரளமெங்கும் உருவாக்கினார்.

திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை பயின்ற வினு டேனியல், மாணவப் பருவத்தில் பேக்கரின் சிந்தனைகளால் ஈர்க்கப்பட்டார். 2005ஆம் ஆண்டு படிப்பை முடித்தபின், விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனத்தோடு இணைந்து, ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மறுகட்டுமானப் பணியில் ஈடுபட்டார். மண்ணைக் கொண்டு உறுதியான வீடுகளை எழுப்ப இயலும் என்பதை அங்குக் கைப்படக் கற்றார். பின்னர், 2007ஆம் ஆண்டு வால்மேக்கர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்பெயருக்குச் ‘சுவர் எழுப்புவோர்’ என்பது பொருள்.

சுடாத மண்ணின் வலிமை

செங்கல்லைச் சூளையிலிட்டுச் சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ பெருமளவில் தேவைப்படுகிறது. அழுத்த மண்கல்லுக்குச் சூளையே தேவையில்லை. மேல்மண்ணை நீக்கி, அடிமண்ணை எடுத்துச் சலித்து, அதனோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டைக் கலந்து, சிறிது நீர் சேர்த்து, எந்திரத்தில் இட்டு அழுத்துவர். இவ்வாறு கிடைக்கும் கற்களை ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஈரம் காயாமல் பதப்படுத்திய பின்னர்ச் சுவர் எழுப்பப் பயன்படுத்துவர். பயிர் விளையும் மேல்மண் விலக்கப்படுவதால் நிலத்தின் வளம் குன்றுவதில்லை. மனையில் தோண்டிய மண்ணே கல்லாக மாறுவதால் வண்டிச்செலவும் எரிபொருளும் மிஞ்சுகின்றன.

ஆயினும், எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று. களிமண் மிகுந்தால் கல் வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். ஆகவே, மண்ணை ஆய்ந்து கலவையை முடிவு செய்வது இம்முறையின் முதற்படியாகும்.

சுழலும் சுவர்கள்

திருவனந்தபுரத்தில் வினு டேனியல் வடிவமைத்த ‘பிரூவெட்’ இல்லம் பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. நடனத்தில் ஒரு காலை ஊன்றிச் சுழலும் அசைவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. இடமும் வலமுமாகச் சாய்ந்தெழும் செங்கற்சுவர்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து கூரையைத் தாங்குகின்றன. நாற்புறமும் வீடுகள் நெருங்கிய சிறு மனை என்பதால், இல்லம் நடுமுற்றத்தை நோக்கியே திறந்திருக்கிறது. காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் வகையில் அகன்ற திறப்புகள் அமைந்துள்ளன.

இவ்வீட்டில் செங்கல்லைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நல்ல களிமண் அருகிவருவதால் அப்பகுதியின் மரபான சூளைகள் நலிந்துவந்தன. எனவே, கிடைத்த செங்கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்த, பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டுமுறை கையாளப்பட்டது. கைத்தொழிலாளரின் திறமைக்கும் இதனால் இடம் கிடைத்தது.

[தெரிந்து தெளிவோம்: எலிப்பொறிக் கட்டு
வழக்கமான சுவரில் செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படும். எலிப்பொறிக் கட்டில் அவை பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்படுவதால் சுவரின் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. இதனால் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகிறது. சாந்தின் தேவையும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளிவெப்பம் எளிதில் அறைக்குள் புகாமல் தடுக்கிறது.]

கழிவும் கட்டுமானப் பொருளே

ஐந்து மைல் எல்லைக்குள் இன்று எளிதாகக் கிடைப்பது எது? பல ஊர்களில் அதற்குரிய விடை ‘குப்பை’ என்பதே. வினு டேனியல் காந்தியடிகளின் கருத்தை இக்காலத்திற்கு ஏற்ப விரித்துக்கொண்ட இடம் இதுவாகும். பத்தனம்திட்டாவில் அவர் கட்டிய ஓர் இல்லத்தில், மனையில் முன்பிருந்த கட்டடத்தின் இடிபாடுகள் புதிய வீட்டின் வளைந்த சுவராக மாறின.

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் அமைந்துள்ள ‘சுழி’ இல்லம் இதன் அடுத்த படிநிலை. தமிழிலும் மலையாளத்திலும் சுழி என்பது நீர்ச்சுழலைக் குறிக்கும். பாறை மிகுந்து, பெரிய புளியமரங்கள் நின்ற அந்நிலம் வீடு கட்டுவதற்கு ஏற்றதன்று எனக் கருதத்தக்கதாய் இருந்தது. மரங்களை வெட்டிப் பாறையைச் சமன்செய்வது எளிய வழி. கட்டடக்கலைஞரோ மரங்களை அவ்வாறே விட்டு, அவற்றைச் சுற்றிச் சுழன்று செல்லுமாறு வீட்டை அமைத்தார். ஏறத்தாழ 4000 ஞெகிழிப் புட்டிகளையும் மண்ணையும் இடிபாடுகளையும் கொண்டு உருவாக்கிய உத்தரங்கள், சுவராக எழுந்து கூரையாக வளைகின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு வீடு புலப்படுவதில்லை. மரநிழலும் பாறையுமே புலப்படுகின்றன.

கோழிக்கோடு மாவட்டம் வடகராவில் கட்டிய மற்றோர் இல்லத்தில் குழந்தைகள் விளையாடி எறிந்த 6200 பொம்மைகள் சுவரின் பகுதியாயின. மறுசுழற்சி செய்ய இயலாத ஞெகிழிப் பொருள், குப்பைமேட்டிற்குச் செல்லாமல் வண்ணத் திரையாக வீட்டைச் சூழ்ந்து நிற்கிறது. இத்தகைய பணிகளின் பயனாக, 2023ஆம் ஆண்டு டைம் இதழ் வெளியிட்ட, உலக அளவில் வளர்ந்துவரும் ஆளுமைகள் நூறு பேரின் பட்டியலில் வினு டேனியலின் பெயரும் இடம்பெற்றது.

எல்லைகளும் பொறுப்பும்

மண் கட்டுமானம் எல்லாச் சிக்கல்களுக்கும் தீர்வு எனக் கருதுதல் பொருந்தாது. மண்சுவர் நீருக்கு அஞ்சும். ஆதலால் உயர்ந்த அடித்தளமும் நீண்ட இறவாரமும் இன்றியமையாதவை. நுட்பம் அறிந்த கொத்தனார்கள் பல ஊர்களில் கிடைப்பதில்லை. கைவேலை மிகுதியாதலின் கட்டி முடிக்கக் காலம் கூடும். வளைந்த சுவர்கொண்ட தனிவீடுகளை அப்படியே படியெடுத்துப் பெருநகரங்களின் குடியிருப்புத் தேவை முழுவதையும் நிறைவு செய்ய இயலாது. சிமெண்டும் இரும்பும் முற்றிலும் விலக்கத்தக்கவை அல்ல. வினு டேனியலின் கட்டடங்களிலும் அவை தேவையான அளவு இடம்பெறுகின்றன.

ஆதலின், இக்கட்டடங்களிலிருந்து பெறத்தக்கது வடிவம் அன்று. வினா எழுப்பும் முறையே. இந்நிலத்தில் எது கிடைக்கிறது? வெயில் எப்பக்கம் விழுகிறது? மழைநீர் எவ்வழியாக ஓடுகிறது? எந்த மரத்தைக் காக்கலாம்? எறியப்பட்ட எப்பொருள் இன்னும் பயன் தரும்? எந்தத் தொழிலாளியின் கைத்திறன் அழியாமல் காக்கப்படும்? இவ்வினாக்களை எழுப்பிய பின்னர்க் கட்டும் வீடு, சென்னையில் ஒரு வடிவமும் சூளகிரியில் ஒரு வடிவமும் கொள்ளும். பொருளைக் குறைவாகச் செலவிட்டுச் சிந்தனையை மிகுதியாகச் செலவிடுவதே இக்கலையின் அடிப்படை.

ஒரு வீடு அதில் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. அதற்கு மணல் தந்த ஆறும், கல் தந்த மலையும், அதன் கழிவைச் சுமக்கும் ஊரும் அவ்வீட்டோடு தொடர்புடையன. அத்தொடர்பை உணர்ந்து கட்டுவோர், அடுத்த தலைமுறையும் வீடு கட்டுவதற்குரிய நிலத்தை விட்டுச்செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள பழைய வீடு ஒன்றையும் புதிய வீடு ஒன்றையும் பார்வையிட்டு, அவற்றின் சுவர், கூரை, காற்றோட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. கொத்தனார் ஒருவரோடு உரையாடி, கட்டுமானப் பணியில் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.
3. ‘மண்வீடு பெருமைக்குரியதே’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.