கொழுந்து வாடிவிட்டதென்று மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?



உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பித்ததிலிருந்து, பிள்ளைகள் பாடசாலையில் "உணரி" பற்றிப் படிக்கிறார்கள். உணரி என்பது சூடு, ஈரம், பாரம் போன்றதை அளந்து மின் குறியாக அனுப்பும் சின்னக் கருவி. செயற்திட்டம் என்றால் தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் மாதிரியைத்தான் பலரும் செய்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் நம் ஊவாப் பகுதிப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் தோட்டத்து ஸ்டோரின் மாடியிலேயே இருக்கிறது. அதுதான் கொழுந்து வாட்டுவது.

மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அதை ட்ரப்பில் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்றடித்து, இரவெல்லாம் வாட்டுகிறார்கள். வாட்டம் குறைந்தால் ரோலரில் கொழுந்து கூழாகும். கூடினால் சருகாய் நொறுங்கும். எப்படியும் ஏறக்குறைய 4½ கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான். ஒரு இரவு வாட்டம் பிழைத்தால் முந்தின நாள் அத்தனை பேர் பறித்த கொழுந்தும் கொழும்பு ஏலத்தில் விலை இறங்கிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ கொழுந்தில் தண்ணீர் 780 கிராம் என்று வையுங்கள். மிச்சம் 220 கிராம் காய்ந்த சத்து. அது குறையாது, குறைவது தண்ணீர் மட்டுமே. நிறை 490 கிராமுக்கு இறங்கினால் அதில் தண்ணீர் 270 கிராம், அதாவது நூற்றுக்கு 55. ஆகவே ஒரு சின்னக் கம்பிவலைத் தட்டில் ஒரு கிலோ கொழுந்தைப் போட்டு, பாரம் அளக்கும் உணரியில் ட்ரப்புக்குள்ளேயே தொங்கவிடலாம். 490 கிராம் வந்ததும் மணி அடிக்கும்படி செய்யலாம். மூளையாக ஆர்டுயினோ என்னும் சின்னப் பலகை போதும். 2005இல் இத்தாலியில், பெரிய மின்னியல் படிப்பு இல்லாத மாணவருக்காகவே செய்தது அது.

சொல்ல லேசுதான், செய்து பாத்தா சிக்கல் தெரியும். விசிறிக் காற்று தட்டைக் கீழிருந்து தூக்கும், நிறை குறைத்துக் காட்டும். எனவே விசிறி நின்றிருக்கும் சில விநாடியில்தான் அளவு எடுக்க வேண்டும். மழை நாளில் இலை மேல் நிற்கும் தண்ணீரும் நிறையில் சேரும். அது காய்ந்து போனதையும் மெஷின் "வாட்டம்" என்றே எண்ணிவிடும்.

காற்றையும் அளக்க வேண்டும். மாடிச் சுவரில் இரட்டை வெப்பமானி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்தது, குறைந்தால் ஈரக்காற்று. ஈரமென்றால் சூடான காற்றைக் கலப்பார்கள். இதே வேலையை இரண்டு வெப்ப உணரிகள் செய்யும். ஆனால் துணி காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவு காட்டும். மெஷின் காற்று ஈரமென்று நம்பி, வேண்டாத சூட்டைக் கேட்கும், கொழுந்து சிவந்துபோகும். துணிக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆள் எப்போதும் வேண்டும்!

இலாபம் எங்கே என்றால், விசிறியில். இலை வாட வாட அவ்வளவு காற்றுத் தேவையில்லை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதியாகும். வேகத்தை மாற்றும் கருவி சில தொழிற்சாலைகளில் ஏற்கனவே உண்டு. பிள்ளைகள் கவனிக்க: ஸ்டோரின் மும்முனை மின்சாரத்தில் கை வைக்கவே கூடாது. உங்கள் மாதிரி மணி அடித்தால் போதும், சுவிட்சைப் போடுவது பொறுப்பானவர் வேலை.

இன்னொன்று, தலவாக்கலையில் சரியான அளவு பதுளையில் சரிவராது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேற்கு மழை, நமக்கோ மலை தாண்டி வரும் காய்ந்த காற்று. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசமே அந்தக் காற்றில்தான் கூடுகிறது. அந்த மாதங்களில் எந்த அளவில் மணி அடிக்க வேண்டும் என்பதை எந்தப் பெட்டியும் தானாக அறியாது. கொழுந்தைக் கைக்குள் உருட்டிப் பிடித்து, விரித்ததும் குலைகிறதா என்று பார்க்கிற, காம்பை முறிக்காமல் வளைத்துப் பார்க்கிற, வாசத்தை மூக்கால் பிடிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

"மெஷின் வந்தால் எங்கள் வேலை போயிருமே" என்ற பயம் வீண் பயம் என்று நாம் சொல்லமாட்டோம். மாடியில் ஆள் குறையலாம். அதனால்தான் அந்தப் பெட்டியைச் செய்யவும் திருத்தவும் தெரிந்தவர்கள் நம் லயத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்கிறோம். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையமும், பதுளையில் தேயிலைத் தொழினுட்பம் படிப்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் உண்டு. ஆசிரியர் மூலம் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

அதற்கு முன், டீமேக்கரிடம் அனுமதி கேட்டு ஒரு கொப்பியோடு மாடிக்குப் போங்கள். மணிக்கு ஒரு தடவை இரண்டு வெப்பமானியின் அளவையும், தட்டின் நிறையையும், பக்கத்தில் அனுபவமுள்ள தொழிலாளி கையால் பார்த்துச் சொன்னதையும் எழுதுங்கள். மழை நாள் ஒன்று, காற்று நாள் ஒன்று என்று பத்து நாள் சேர்ந்த பிறகு உணரி வாங்கலாம்.